மெஷின் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு

காசிக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு இப்போது மனசு இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். கோமதி எப்படி இருக்கிறாள் என்பதை அவளே சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து "சரிம்மா" சொல்லிவிடுகிறாய். பதினோராவது சரிம்மாவில் போன் வைக்கப்படுகிறது. எழுதினால் நடுவில் மறித்துப் பேச உனக்கு வழியில்லை. கடைசி வரி வரைக்கும் நான்தான் பேசுவேன். இது ரகசியக் கடிதமும் இல்லை. இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைக் கோமதிக்கும் ஒன்றைப் புளியங்குடியில் இருக்கும் உன் அத்தைக்கும் அனுப்புகிறேன். உன் அப்பா கேட்டால் அவருக்கும் கொடுப்பேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் கோமதியிடம் பேசிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவள் என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. அன்றைக்கும் குறையாகச் சொல்லவில்லை. "துணி போட்டாச்சாட்டீ?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "போட்டாச்சு அத்தை. இந்த மெஷினத் தொட்டாத்தான் சுரீர்னு இழுக்கு. அவியட்ட சொன்னேன். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுன்னு சொல்லுதாவ. எனக்குன்னு ரோஸ் கலர்ல ஒரு ஜோடி வாங்கி மெஷின் பக்கத்துலயே வச்சிருக்காவ" என்றாள். புருஷன் தன்மேல் எவ்வளவு அக்கறையாக இருக்கிறான் என்று மாமியாரிடம் சொல்லிக் காட்டுகிற குரல் அது. "இப்பவே சுவிட்ச அணைச்சு பிளக்கப் பிடுங்கு. நான் சொல்லுத வரைக்கும் அதுகிட்டப் போகாத" என்று கத்தினேன். பாவம், அவள் பயந்துபோய்விட்டாள். பயந்தது நல்லதுதான்.

முதலில் இதைப் புரிந்துகொள். மெஷினைத் தொட்டால் இழுக்கிறது என்றால், உள்ளே இருக்க வேண்டிய கரண்ட் வெளியே உடம்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி வரும் கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோய்விடத்தான் எர்த் கம்பி என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது உன் பெண்டாட்டி நிற்கிறாள். செருப்பு கரண்டை நிறுத்தவில்லை. அவள் உன்னிடம் வந்து சொல்வதைத்தான் நிறுத்துகிறது. சோப்புத் தண்ணீர் ஓடும் தரையில் அந்தச் செருப்பு எத்தனை நாளைக்குக் காய்ந்திருக்கும்? ஒரு நாள் நனையும், ஒரு நாள் வார் அறும், ஒரு நாள் அவசரத்தில் வெறுங்காலோடு போவாள். அந்த ஒரு நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நாங்கள் உன்னிடம் பொய் சொன்னோம்.

என் இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்காது என்பது உனக்குத் தெரியும். ஐந்தருவியில் வழுக்கி விழுந்ததால் அப்படி ஆனது என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஐந்தருவியில் விழவில்லை காசி. நம் வீட்டுப் பின்கட்டில், நம் மெஷினைத் தொட்டபடி, காலில் செருப்போடு விழுந்தேன்.

தென்காசியில், அதுவும் குற்றாலம் போகும் ரோட்டிலேயே வீடு என்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள் லாட்ஜ் வைத்திருப்பவர்கள். எனக்கு வாய்த்தது சொந்தக்காரர்கள். ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் சனி ஞாயிறு தவறாமல் ஒரு குடும்பம் வந்து இறங்கும். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். மத்தியானம் அகோரப் பசியோடு திரும்பி வந்து, எண்ணெயும் ஈரமுமாக இருக்கும் துண்டு வேட்டி பாவாடை எல்லாவற்றையும் என் காலடியில் குவித்துவிட்டு இலைக்கு முன்னால் உட்காருவார்கள். சாரலில் துணி காயாது. மெஷினில் போட்டுப் பிழிந்தால்தான் சாயங்காலம் மடித்துக் கொண்டுபோக முடியும். "மைனி, இதையும் சேத்துப் போட்ருங்க" என்று குளியலறையிலிருந்து இன்னொரு கை நீளும். சீசன் முடியும் வரை நானும் அந்த மெஷினும் ஒன்றாக மாரடித்தோம். அருவியில் நான் குளித்தது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இருக்கும்.

அந்தப் பழைய மெஷினை நீ மறந்திருக்க மாட்டாய். துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி, தகர உடம்பு, அடியில் சுற்றிலும் துரு. அதைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் உன் அப்பா. பள்ளிக்கூடத்தில் லேப் அஸிஸ்டென்டாக இருந்தவருக்குத் தெருவே சேர்ந்து கொடுத்த பட்டம் அது. யார் வீட்டு மிக்ஸி ஓடாவிட்டாலும், அயர்ன்பாக்ஸ் சூடாகாவிட்டாலும் "சாரைக் கூப்பிடு" என்பார்கள். பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு அவர் கிளம்பும் அழகே தனி. பாதி சாமான் சரியாகும், மீதியை "இது கம்பெனி ஃபால்ட்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் வீட்டு வயரிங்கும் அவர் கைவேலைதான். எர்த்துக்கு என்று தனியாகக் குழி தோண்டவில்லை. பின்சுவரில் இரும்புத் தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் இறங்குகிறதே, அதில் கம்பியைச் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்றார். அதுவே தப்பு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதைவிடப் பெரிய தப்பை அவரே செய்தார். அந்த இரும்புக் குழாய் உப்பேறி ஒழுக ஆரம்பித்ததும் அதை அறுத்துப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் மாட்டினார். எர்த் கம்பியை ஞாபகமாக எடுத்து அந்தப் பிளாஸ்டிக் குழாயில் அதே மாதிரி நேர்த்தியாகச் சுற்றிவைத்தார். பிளாஸ்டிக்கில் எங்கே காசி கரண்ட் போகும்? பள்ளிக்கூட லேபில் பிள்ளைகளுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் மெஷின் இழுக்க ஆரம்பித்தது. முதலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. சொன்னேன். "ஈரம்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார். சாரல் காலத்தில் இன்னும் கூடியது. மறுபடி சொன்னேன். அவருடைய பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் கால் அதற்குள் பாதிதான் இருக்கும். இரண்டு வருஷம் அந்தச் செருப்பை இழுத்துக்கொண்டு அந்தப் பின்கட்டில் நடந்தேன். எர்த் கம்பி எங்கே போகிறது என்று இரண்டு வருஷத்தில் ஒரு தடவை குனிந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. அடுத்தவர் வீட்டுக் கிரைண்டரைத் திறந்து பார்க்க நேரம் இருந்தது.

அன்றைக்கு உன் அத்தை குடும்பம் புளியங்குடியிலிருந்து வந்திருந்தது. நீ திருநெல்வேலி ஹாஸ்டலில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். எண்ணெய்த் துண்டுகளாகப் போட்டுப் போட்டு, மெஷினில் தண்ணீர் வெளியேறும் வழி அடைத்துக்கொண்டது. எண்ணெயும் நூல் பஞ்சும் சேர்ந்தால் மெழுகு மாதிரி ஆகிவிடும். போதாததற்கு ஒரு துண்டின் நுனி அடியில் சுற்றும் விசிறிக்குள் மாட்டிக்கொண்டது. தொட்டி நிறைய அழுக்குத் தண்ணீர், மெஷின் உறுமிக்கொண்டு நிற்கிறது. வாசலில் இருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஏட்டி, திருகைச் சைபருக்குத் திருப்பிட்டுக் கையவிட்டு எடு. செருப்பு போட்டிருக்கேல்லா?" என்று பதில் வந்தது. போட்டிருந்தேன். மேலே இருந்த டைமர் திருகைத் திருப்பினேன், மெஷின் நின்றது. இடது கையைத் தண்ணீருக்குள் விட்டேன், வலது கையை மெஷின் விளிம்பில் ஊன்றினேன். திருகைத் திருப்பினால் மெஷின் நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம், கரண்ட் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பிளக் சுவரிலேயேதான் இருந்தது.

அந்த வலியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கையை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. கத்த வேண்டும் என்று தெரிகிறது, தாடை திறக்கவில்லை. உன் அத்தைதான் முதலில் பார்த்தாள். உன் அப்பா அருவியிலிருந்து வந்த ஈரத் துண்டோடு ஓடிவந்து என்னைப் பிடிக்கப் போனார். "அண்ணே தொடாதிய! தொட்டா நீங்களும் போயிருவிய!" என்று அவரைத் தடுத்துவிட்டு, முன்பக்கம் ஓடி மெயினை அணைத்தவள் அவள்தான். அவள் கொண்டுவந்த எண்ணெய்த் துணியை வாய்க்குள் திட்டிக்கொண்டே துவைத்தவள் நான். அவள் இல்லாவிட்டால் அன்றைக்கு இரண்டு பிணம் கிடந்திருக்கும். கரண்ட் போனதும் நான் துவைக்கிற கல்லின் மேல் விழுந்தேன். மணிக்கட்டு இரண்டாக உடைந்து, விரல்களுக்குப் போகும் நரம்பும் நசுங்கியது.

ஆட்டோவில் போகும்போதே உன் அப்பா கதையைத் தயார் செய்துவிட்டார். "வெளிய தெரிஞ்சா நாலு பேரு என்ன நெனப்பான்? தெருவுல அத்தன வீட்டுச் சாமானும் நாந்தான் பாக்கேன்" என்றார். என் கை தொங்கிக்கொண்டிருக்கிறது, அவருக்கு நாலு பேர் கவலை. ஆஸ்பத்திரியில் "ஐந்தருவில வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்று அவரே சொன்னார். அந்த டாக்டர் நல்ல மனுஷன். "மயக்கம் வந்துச்சாம்மா? வேற எங்கயும் வலிக்கா?" என்று என்னைப் பார்த்து இரண்டு தடவை கேட்டார். நான் இல்லை என்றேன். ஷாக் பலமாக அடித்தவருக்கு வெளியே காயமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே இதயத்தைப் பரிசோதிக்க வேண்டுமாம். அது பின்னால் தெரிந்தது. எனக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஒரு மாதம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, அதை யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கிடந்தேன். நான் அவருடைய மானத்தைக் காப்பாற்றினேனாம். இப்படி ஒரு முட்டாள் பொம்பளையை நீ பார்த்திருக்கிறாயா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஹாஸ்டலிலிருந்து வந்தாய். கட்டைப் பார்த்து முதலில் பதறினாய், பிறகு சிரித்தாய். "இத்தன வருசமா அருவிக்குப் பக்கத்துலயே இருந்துட்டு வழுக்கி விழுந்தியாம்மா" என்றாய். அன்றைக்குச் சிரித்ததைக்கூட விட்டுவிடுகிறேன். உன் கல்யாணத்தில், வடகரை மண்டபத்தில், கோமதியின் சித்தி "கையில என்ன மைனி?" என்று கேட்டபோது நீ முந்திக்கொண்டு அதே கதையைச் சொன்னாய். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம், இல்லை "சரி, சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றியிருக்கலாம். வாய்விட்டுச் சிரித்தார். அன்றோடு அந்த மனுஷன் மேல் எனக்கிருந்த ஒட்டுதல் விட்டுப்போனது. காபி கொடுக்கிறேன், மாத்திரை எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த மாதம் அவர் இரண்டு நாள் புளியங்குடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனார். நான் கை வலிக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டு, லைசென்ஸ் உள்ள ஒரு எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். மீட்டரைப் பிளக் ஓட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு எர்த்தே இல்லை என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டே போனவர் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏம்மா, இத யாரு கெட்டுனது? கெட்டுனவன் கைய ஒடிக்கணும்" என்றார். நான் டீ போடப் போனேன். அவர் பின்பக்கம் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி முறையாக எர்த் போட்டார். கரண்ட் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் தானாக விழுந்துவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றையும் மெயின் பக்கத்தில் மாட்டினார். ஊரிலிருந்து வந்த உன் அப்பா புது மண்ணைப் பார்த்தார். "என்ன தோண்டியிருக்கு?" என்றார். "எர்த்து" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் "புதுசா எர்த் போட்டிருக்கேன், நீங்களும் போட்ருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மெஷினில் எது என் வேலை, எது என் வேலை இல்லை என்பதில் நான் தெளிவாக இருக்கிறேன். உனக்கும் சொல்கிறேன், ஆனால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கு, தண்ணீர்க் குழாயை மூடு. உலர்ந்த கையால், உலர்ந்த தரையில் நின்று செய். தண்ணீர் உள்ளேயே நிற்கிறது என்றால் வெளியே போகும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார். உங்களுடையது முன்பக்கம் கதவு உள்ள மெஷின், கீழே மூலையில் ஒரு சின்ன மூடிக்குள் ஃபில்டர் இருக்கும். வெந்நீரில் ஓடியிருந்தால் ஆறும் வரை பொறு. தட்டையும் பழைய துணியையும் கீழே வைத்து மெதுவாகத் திருகு, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். உள்ளே தலைமுடி, ஊக்கு, உன் சட்டைப் பையில் நீ மறந்த சில்லறை எல்லாம் இருக்கும். துணி போடும் முன் பையைத் தடவிப் பார்க்கும் வேலையும் உன்னுடையதுதான்.

தண்ணீர் உள்ளே வரவில்லை என்றால் முதலில் குழாய் திறந்திருக்கிறதா என்று பார், அதற்கே மெக்கானிக்கைக் கூப்பிடும் வீடுகள் உண்டு. குழாய் மெஷினோடு சேரும் இடத்தில் சின்ன வலை இருக்கும். உப்புத் தண்ணீரில் அது அடைத்துப்போகும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டு. பிழியும்போது மெஷின் சாமி வந்த மாதிரி ஆடினால் உள்ளே ஒரே ஒரு கனமான போர்வையைப் போட்டிருப்பாய், எடுத்துச் சின்னத் துணிகளோடு கலந்து போடு. அப்படியும் ஆடினால் நாலு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று பார். புது மெஷின் என்றால் கொண்டுவரும்போது பின்னால் முறுக்கியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்றும் கேள். கதவு திறக்கவில்லை என்றால் சில நிமிஷம் பொறு, உள்ளே தண்ணீர் இருந்தால் முதலில் அதை வெளியேற்று. ஸ்குரூடிரைவரால் நெம்பாதே. எண்ணெய்த் துணியைக் கையாலேயே வெந்நீரும் சோப்பும் போட்டு ஒரு அலசு அலசிவிட்டு மெஷினில் போடு.

இவ்வளவுதான் நம் வேலை. கருகல் வாடை, புகை, அடியிலிருந்து ஒழுகும் தண்ணீர், தொட்டால் இழுப்பது, ட்ரிப் சுவிட்ச் விழுவது, இதில் எது வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு ஆளைக் கூப்பிடு. விழுந்த சுவிட்சை மறுபடி மறுபடி தூக்கிவிடாதே. அது தொல்லை கொடுக்கவில்லை, சொல்கிறது. பின்பக்க மூடியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில பாகங்களில் கரண்ட் தங்கியிருக்கும். யூடியூபில் ஒருவன் திறந்து காட்டுகிறான் என்பதற்காக நீயும் திறக்க வேண்டாம். நம் குடும்பத்துக்கு ஒரு இன்ஜினியர் போதும்.

இதுவரைக்கும் உன் அப்பாவைத் திட்டியே எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதுதான் கஷ்டம். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு என்று கோமதியிடம் சொன்னாயே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாளாக யோசித்தேன். அப்பாவிடமிருந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது கிரிக்கெட் பேண்ட்டை எடுக்கப் போய் "எம்மா, மெஷின் கடிக்கி!" என்று துள்ளிக்கொண்டு வந்தாய். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏலே, செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு" என்றேன். பெற்ற பிள்ளை கரண்டைத் தொட்டுவிட்டு வந்து நிற்கிறான், நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். எனக்கு அது பழகிப்போயிருந்தது. வலிப்பது வழக்கமாகிவிட்டால் அடுத்தவருக்கு வலிப்பதும் பெரிதாகத் தெரிவதில்லை. உன் வாயில் அந்த வார்த்தையைப் போட்டது நான்தான் காசி. அதற்கு உன்னிடமும் கோமதியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு இம்புட்டு நேரமா எழுதுத?" என்றார். "காசிக்கு. கோமதிக்கு மெஷின்ல ஷாக் அடிக்காம்" என்றேன். "ஈரக் கையோட தொட்டிருப்பா அந்தப் பிள்ள" என்றார். துணி துவைக்கிறவள் கை வேறு எப்படி இருக்கும்? "என் கையப் பத்தியும் எழுதியிருக்கேன். நடந்தத எழுதியிருக்கேன்" என்றேன். கீழே வைத்த பேப்பரை எடுத்து மடித்தார். பிறகு, "அத மட்டும் அடிச்சிரு" என்றார். அடிக்கவில்லை. அவர் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

உன் வீட்டுப் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கிறது என்று சொல்லாதே. ஓட்டை இருந்தால் உள்ளே கம்பி இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. வாடகை வீடு, ஓனர் செய்ய மாட்டார் என்றும் சொல்லாதே. அவர் செய்யாவிட்டால் நீ செய், இல்லாவிட்டால் வேறு வீடு பார். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து வீட்டு எர்த்தையும் மெஷினையும் மீட்டரால் சோதிக்கச் சொல். தப்பு வீட்டில் இருக்கிறதா, அவள் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த மெஷினில் இருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். அவர் சரி என்று சொல்லும் வரைக்கும் உன் துணியை நீயே வாளியில் துவைத்துக்கொள். கோமதியின் துணியையும் சேர்த்துத் துவை. அவளை ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அங்கே உண்மையைச் சொல்.

இதெல்லாம் நாளைக்கு. இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினோரு வருஷத்தில் உன் அப்பா என் கையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ராத்திரி வலிக்கிறதா, பூ கட்ட முடிகிறதா, எதுவும் இல்லை. கேட்டால் நடந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். எனக்கு இனிமேல் அது வேண்டாம். உனக்கு இப்போதுதான் எட்டு மாதம் ஆகியிருக்கிறது. வியாழக்கிழமை நான் கோமதியிடம் கேட்டேன்: எந்தக் கையில் அடித்தது, எது வரைக்கும் ஏறியது, எத்தனை தடவை என்று. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நீங்கதான் அத்தை மொதல்ல கேக்கிய" என்றாள். அவள் சொன்ன பதிலை நான் இதில் எழுதப்போவதில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், அவளிடம் நீயே கேள்.

அம்மா